மாமாவின் அரைக் கேப்போ

கிட்டார் கற்றுக்கொள்ள ஆசையாக உட்கார்ந்தவர்களில் பலரை எழுப்பி அனுப்பிவிடுவது ஒரே ஓர் எழுத்து. 'எஃப்'. முதல் மாதத்தில் இ மைனர், ஜி, சி, டி என்று நான்கைந்து கார்டுகள் கைக்கு வந்துவிடும். வீட்டில் எல்லாரும் கைதட்டுவார்கள். அதன் பிறகு எஃப் வரும். ஆள்காட்டி விரலைக் கிடையாக நீட்டி ஆறு தந்திகளையும் அந்த ஒரு விரலால் அமுக்கிப் பிடிக்க வேண்டும். அதே நேரத்தில் மற்ற மூன்று விரல்களும் முன்னால் போய்த் தனித்தனியாக நிற்க வேண்டும். பேர் கார்ட் என்பார்கள். மணிக்கட்டு வலிக்கும். தந்தி பாடாது, தகரத்தில் தட்டியதுபோல் ஓசை வரும். இரண்டு வாரம் கழித்துக் கிட்டார் உறைக்குள் போகும், உறை அலமாரி மேல் போகும்.

போன மாதம் என் காலை நிகழ்ச்சிக்கு ஒரு தாய் குரல் பதிவு அனுப்பியிருந்தார். மகளுக்குப் பத்து வயது, விரல் எட்டவில்லை, அழுகிறாள், கிட்டாரை விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தார். வானொலியில் நாற்பது வினாடிக்குள் பதில் சொல்லி அடுத்த பாட்டுக்குப் போயாக வேண்டும். "விற்காதீங்கக்கா, பத்திரிகையில எழுதுறேன்" என்று மட்டும் சொன்னேன்.

விரல் எட்டாதவர்களுக்கு வாத்தியார்கள் சொல்லும் பதில் இரண்டு. பயிற்சி செய், இல்லாவிட்டால் கேப்போ போடு. முதல் பதில் சரி. இரண்டாவதில் அவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். மீதிப் பாதியை எனக்குப் புரியவைத்தவர் பீடோரில் இருக்கும் என் மாமா. அவருக்கு இடக்கையில் மூன்று விரல்தான்.

அவரிடம் போவதற்கு முன்னால் கேப்போ என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகளை ஃப்ரெட் என்கிறோம். வீணையில் மெட்டு என்று சொல்வோமே, அதே வேலைதான். கேப்போ என்பது துணி காயப்போடும் கிளிப்பின் அண்ணன். உள்பக்கம் ரப்பர் ஒட்டிய ஒரு பட்டை, பின்னால் ஸ்பிரிங். அதை இரண்டாவது ஃப்ரெட்டில் மாட்டினால் ஆறு தந்திகளும் ஒன்றாக ஒரு முழு சுரம் ஏறிவிடும். பாடுபவரின் சுருதிக்குத் தகுந்தபடி ஏற்றிக்கொண்டு, தெரிந்த கார்டுகளையே வாசிக்கலாம். இது எல்லாருக்கும் தெரிந்த கேப்போ.

அரைக் கேப்போ, அல்லது கட் கேப்போ, ஆறையும் பிடிக்காது. நடுவில் இருக்கும் மூன்றை மட்டும் பிடிக்கும், மற்ற மூன்றையும் சும்மா விட்டுவிடும். கைசர் என்ற அமெரிக்க நிறுவனம் 'ஷார்ட் கட்' என்ற பெயரில் இதை விற்கிறது. ஷப் நிறுவனத்திடமும் ஒன்று உண்டு. பார்ப்பதற்கு உடைந்த கேப்போ மாதிரிதான் இருக்கும். நான் முதன்முதலில் ஒரு நேர்காணலுக்கு வந்த இசைக்கலைஞரின் கிட்டாரில் அதைப் பார்த்தபோது, ஒலிப்பதிவுக்கு முன் வேறு ஒன்று தேடிக் கொடுக்கவா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு ஒரு முறை தந்திகளை மீட்டினார். ஒரு விரல்கூடக் கழுத்தில் இல்லை. ஆனாலும் கோயில் மண்டபத்தில் யாரோ தம்பூராவைத் தொட்டுவிட்டுப் போனதுபோல் ஒரு கார்வை அறையில் நின்றது.

அந்தக் கார்வைதான் விஷயம். சாதாரணமாக கிட்டாரின் ஆறு தந்திகளும், தடித்ததிலிருந்து மெல்லியது வரை, இ, ஏ, டி, ஜி, பி, இ என்று சுருதி கூட்டப்பட்டிருக்கும். விரல் வைக்காமல் மீட்டினால் எந்தக் கார்டும் கிடைக்காது, கலவையான ஓர் ஓசைதான் வரும். இப்போது அரைக் கேப்போவை இரண்டாவது ஃப்ரெட்டில், ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது தந்திகளின் மேல் மட்டும் மாட்டுங்கள். ஏ தந்தி பி ஆகிறது. டி தந்தி இ ஆகிறது. ஜி தந்தி ஏ ஆகிறது. மொத்தமாக இ, பி, இ, ஏ, பி, இ. ஆங்கில எழுத்துகளில் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. 'இ'யைச் சட்ஜமாக வைத்துப் படியுங்கள்: ச, ப, ச, ம, ப, ச.

தம்பூராவின் நான்கு தந்திகளில் ஒன்று பஞ்சமம், மற்ற மூன்றும் சட்ஜம். வீணையில் ஏழு தந்தி இருந்தாலும் சட்ஜம், பஞ்சமம் என்ற இரண்டே சுரங்களில்தான் சுருதி சேர்ப்பார்கள். நம் காது பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தது இந்த ச-ப-ச. இருநூறு பேர் பாடும் பஜனையிலும் ஒரு சுருதிப் பெட்டி மூலையில் உட்கார்ந்து அதையே சொல்லிக்கொண்டிருக்கும். கிட்டாரில் ஒரு மத்திமம் மட்டும் கூடுதலாக நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை என்ன செய்வது என்று பிறகு சொல்கிறேன்.

சாவியைத் திருகித் தந்திகளின் சுருதியையே மாற்றி வைக்கும் பழக்கம் மேற்கில் ரொம்ப நாளாக உண்டு. பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் டேவி கிரஹாம் 1960களின் தொடக்கத்தில் பரப்பிய 'டாட்காட்' என்ற சுருதி அதில் பிரபலமானது. டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்ற ஆறு எழுத்தையும் சேர்த்துப் படித்ததால் வந்த பெயர். மொரோக்கோவில் ஊத் என்ற அரபு வாத்தியத்தோடு சேர்ந்து வாசிக்க வழி தேடியபோது அது அவருக்குப் பிடிபட்டது என்பார்கள். கூட்டிப் பாருங்கள், அதுவும் ச-ப-ச-ம-ப-ச தான், ஒரு முழு சுரம் கீழே. கனடாவின் ஜோனி மிட்செலின் கதை வேறு. ஒன்பது வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடக்கை பலவீனமாகிப்போனது. கடினமான கார்டுகளை அமுக்க முடியாததால் தந்திகளையே தனக்கேற்றபடி மாற்றிக்கொண்டார். ஒன்றிரண்டு விரல் போதும் என்ற நிலையில் டஜன் கணக்கில் சுருதிகளை உருவாக்கினார். அவர் பாட்டுகளின் தனி வாசனைக்கு அது ஒரு பெரிய காரணம்.

ஆனால் சாவியைத் திருகுவதில் தொல்லைகள் உண்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் திருகிக்கொண்டிருந்தால் கேட்பவர்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். தந்தி அறும். இவற்றைவிடப் பெரிய தொல்லை, சுருதி மாறினால் படித்த பாடமெல்லாம் போய்விடும். மூன்றாவது தந்தியில் ஐந்தாவது ஃப்ரெட் என்றால் 'சி' என்று கை பழகியிருக்கும். சுருதியை மாற்றினால் அங்கே வேறு சுரம் இருக்கும். அரைக் கேப்போவில் அந்தச் சிக்கல் இல்லை. அது தந்தியின் சுருதியைத் தொடுவதே இல்லை. விரல் வைக்காத தந்தி எங்கிருந்து ஒலிக்க வேண்டும் என்பதை மட்டும் மாற்றுகிறது. ஐந்தாவது ஃப்ரெட்டில் விரல் வைத்தால் நேற்று வந்த அதே 'சி' இன்றும் வரும். இது புரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் எளிது. கேப்போவைக் கழற்றினால் பழைய கிட்டார். அண்ணன், தங்கை, மாமா மூன்று பேர் ஒரே கிட்டாரைப் பங்கு போட்டுக்கொள்ளும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

இப்போது மாமா. பீடோர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கொய்யாவும் வாத்து மீயும்தான் ஞாபகம் வரும். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கும்வரை ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போகும் வாகனங்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் ஓடின. அந்தக் காலத்தில் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ஆளுக்கொரு இசைக்குழு இருந்தது. ஒரு பொங்கோ, ஒரு ஆர்கன், இரண்டு கிட்டார், கடன் வாங்கிய ஒலிபெருக்கி. திருவிழா இரவில் லாரியின் பின்தட்டுதான் மேடை. மாமா பகலில் பால்மரம் வெட்டினார், இரவில் கிட்டார் வாசித்தார். தந்தி அறுந்தால் பஸ் ஏறி ஈப்போவுக்குப் போய் வாங்கி வருவார்களாம். 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தபோது அதில் வரும் அந்த கிட்டாரை வாசிக்கத் தெரியாதவனைக் குழுவில் சேர்க்க மாட்டோம் என்று சட்டம் போட்டார்களாம். இன்னொரு பக்கம் அலிகேட்ஸ் பைத்தியம். பினாங்கிலிருந்து வந்த டேவிட், லோகநாதன் என்ற ஆறுமுகம் சகோதரர்கள் மலாய்ப் பாட்டுப் பாடி நாடு முழுக்க நட்சத்திரமாகியிருந்த நேரம். நம்மைப்போல் இருக்கும் ஒருவன் கையில் கிட்டாரோடு தொலைக்காட்சியில் வருகிறான் என்பதே அப்போது பெரிய விஷயம் என்று மாமா சொல்வார். 2007இல் லோகநாதன் மறைந்த அன்று அவர் சாப்பிடவில்லை.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. குழுவில் இருந்தவர்கள் கிள்ளானுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். மாமா ஒரு பலகைத் தொழிற்சாலையில் சேர்ந்தார். 1996இல், எனக்கு ஆறு வயது இருக்கும்போது, இயந்திரம் அவருடைய இடக்கை மோதிர விரலையும் சுண்டு விரலையும் எடுத்துக்கொண்டது. சொக்சோ பணம் வந்தது. அதில் வீட்டுக்குக் கூரை மாற்றினார்கள். கிட்டார் அலமாரி மேல் ஏறியது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. பூசைக்கு முன்னால் வீட்டைத் துடைக்கும்போது அத்தை அந்த உறையையும் ஒரு துடை துடைத்து வைப்பார், அவ்வளவுதான்.

ஊடகப் படிப்பு முடித்து வானொலியில் சேர்ந்த புதிதில் நான் அவரிடம் ஜாங்கோ ரைன்ஹார்ட் கதையைச் சொன்னேன். 1928இல் அவர் வசித்த வண்டி தீப்பிடித்து இடக்கையின் அதே இரண்டு விரல்களும் பயனற்றுப் போயின. மீதி இரண்டு விரலோடு உலகமே வியக்கும் ஜாஸ் கலைஞர் ஆனார். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவரு ஜாங்கோலா. நான் பீடோர்க்காரன்" என்றார். நியாயமான பதில். விரல் இழந்தவர் முன்னால் மேதைகளின் கதையைப் போய் வைப்பதில் ஒரு வன்மம் இருக்கிறது என்று எனக்கு அன்று தோன்றியது. இங்கிலாந்தின் டோனி அயோமி தகடு வெட்டும் தொழிற்சாலையில் இரண்டு விரல்களின் நுனியை இழந்தவர். பிளாஸ்டிக்கை உருக்கித் தானே விரல் தொப்பி செய்துகொண்டு வாசித்தார். அந்தக் கதையை நான் மாமாவிடம் சொல்லவே இல்லை.

ஆனால் அந்தக் கலைஞரின் கார்வையைக் கேட்ட பிறகு, ஓர் அரைக் கேப்போ வாங்கிக்கொண்டு வாரக் கடைசியில் பீடோருக்குப் போனேன். மாமா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது, பாதி உடைஞ்சு போச்சா?" என்றார். உள்ளே ஒட்டியிருந்த ரப்பரை நகத்தால் அழுத்திப் பார்த்தார். பழக்க தோஷம். பிறகு நான் சொல்லாமலேயே அலமாரி மேலிருந்து உறை இறங்கியது. தந்திகள் துருவேறியிருந்தன. அன்று வாசிக்க முடியவில்லை. மறுவாரம் புதுத் தந்தியோடு போனேன்.

அவரிடம் இருப்பது கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல். தந்தியை அமுக்க இரண்டு விரல். இதை வைத்து ச-ப-ச-ம-ப-ச வில் என்ன செய்ய முடியும் என்று இருவருமாக உட்கார்ந்து தேடினோம். நான் சொல்லும் ஃப்ரெட் எண்களைக் கழுத்தின் தலைப்பக்கத்திலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

நடு விரலை மூன்றாவது தந்தியில் நான்காவது ஃப்ரெட்டில் வைத்தார். நடுவில் உறுத்திக்கொண்டிருந்த மத்திமம் பஞ்சமமாகிவிட்டது. இப்போது ச, ப, ச, ப, ப, ச. ஒரே விரலில் சுத்தமான சட்ஜ-பஞ்சமம், ஆறு தந்தியும் நிறைந்து ஒலிக்கிறது. இதுதான் வீடு. அந்த விரலை எடுக்காமல், ஆள்காட்டி விரலை ஐந்தாவது தந்தியில் அதே நான்காவது ஃப்ரெட்டில் வைத்தால் சி ஷார்ப் மைனர் ஏழு. சினிமாப் பாட்டில் சோகம் எட்டிப் பார்க்கும் இடமெல்லாம் இது பொருந்தும். ஆள்காட்டி விரல் மட்டும் ஒரு தந்தி தாண்டி நான்காவதுக்கு வந்தால், ஆறாவது தந்தியைத் தொடாமல் மீட்டினால், 'பி' குடும்பத்துக் கார்டு. பஞ்சமத்தில் நிற்கிறோம், திரும்பி வீட்டுக்குப் போக வேண்டும் என்று காது கேட்கும். இரண்டு விரலையும் எடுத்துவிட்டு ஆள்காட்டி விரலை மட்டும் ஆறாவது தந்தியில் ஐந்தாவது ஃப்ரெட்டில் வைத்தால், அடியில் மத்திமம், மேலே எல்லாம் தானாகச் சேர்ந்து 'ஏ' கார்டின் ஒரு வகை. நான்கு கார்டுகள் ஆகிவிட்டன. மூன்றில் நடு விரல் நகரவே இல்லை. பாதிச் சினிமாப் பாட்டும் முக்கால்வாசி பஜனைப் பாட்டும் இதற்குள் அடங்கிவிடும் என்பது மாமாவின் கணக்கு. நான் எண்ணிப் பார்க்கவில்லை.

காந்தாரம் எங்கே என்று பாட்டுக்காரர்கள் கேட்பார்கள். முதல் தந்தியில் நான்காவது ஃப்ரெட் அந்தர காந்தாரம், மூன்றாவது ஃப்ரெட் சாதாரண காந்தாரம். அதாவது மேஜர் வேண்டுமா மைனர் வேண்டுமா என்பதை ஒரே தந்தியில், ஒரு ஃப்ரெட் வித்தியாசத்தில் முடிவு செய்துகொள்ளலாம். மத்திமம் பற்றிச் சொல்கிறேன் என்றேனே, அது ராகத்தைப் பொறுத்தது. மோகனத்தில் மத்திமமே கிடையாது. அந்த ராகத்துப் பஜனையில் மூன்றாவது தந்தியை வெறுமனே விட்டால் யாரோ தப்பாகப் பாடுவதுபோல் இருக்கும். நடு விரல் அங்கேயே காவல் நிற்க வேண்டும். சங்கராபரணம், அரிகாம்போதி சாயலில் போகும் பாட்டுகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, விரலை எடுத்து எடுத்து வைத்தால் அதுவே ஓர் அழகு.

இதை ஒரு கிட்டார் வாத்தியாரிடம் காட்டியபோது அவர் முகம் சுளித்தார். இது குறுக்கு வழி, பிள்ளைகள் இதில் பழகினால் பேர் கார்ட் பக்கமே போக மாட்டார்கள் என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. மேடையில் பாடகர் திடீரென்று வேறு சுருதிக்குத் தாவினால் அரைக் கேப்போக்காரர் மாட்டிக்கொள்வார். கேப்போ பிடித்திருக்கும் மூன்று தந்திகளில் முதல் இரண்டு ஃப்ரெட்டும் இல்லாமல் போய்விடும். ராகத்தை வளைத்து வாசிக்கும் வேலைக்கும் இது உதவாது, கமகம் விரலில்தான் இருக்கிறது, கிளிப்பில் இல்லை. ஆனால் குறுக்கு வழி என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். ஆர்மோனியத்தில் சுருதிக் கட்டையை இழுத்துவிட்டு வாசிப்பவரை யாரும் குறுக்கு வழிக்காரர் என்று சொல்வதில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு எஃப் வரும்வரை ஆறு மாதம் ஆகலாம். அந்த ஆறு மாதமும் அவள் வீட்டில் எதைப் பாடிக்கொண்டு வாசிப்பாள் என்று வாத்தியாரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, ஆனால் கேப்போவை எங்கே வாங்கியது என்று விசாரித்தார்.

அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த இப்படிப்பட்ட கேப்போ ஒன்றின் பெயர் 'தர்ட் ஹேண்ட்'. ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனி ரப்பர் வட்டு, வேண்டியதைத் திருப்பினால் அமுக்கும், வேண்டாததை விலக்கலாம். அதைப் பரப்பியவர்களில் ஒருவரான ஹார்வி ரீட் என்ற கிட்டார் கலைஞர், சின்னப் பிள்ளைகளும் உடற்குறை உள்ளவர்களும் ஒன்றிரண்டு விரலில் வாசிக்கத் தனிப் பாடங்களே எழுதியிருக்கிறார். மூன்றாவது கை என்ற அந்தப் பெயரை மாமாவிடம் சொன்னேன். "எனக்கு ஒண்ணரைக் கைதான் இருந்துச்சு. இப்ப ரெண்டு ஆச்சு, போதும்" என்றார்.

வாங்குவதற்கு முன் முயன்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி. வீட்டில் இருக்கும் சாதாரண ஸ்பிரிங் கேப்போவை மெல்லிய தந்தி இருக்கும் பக்கத்திலிருந்து மாட்டுங்கள். பட்டையின் நுனி ஐந்தாவது தந்தியோடு நிற்கட்டும், தடித்த ஆறாவது தந்தி மட்டும் வெளியே இருக்கட்டும். இரண்டாவது ஃப்ரெட்டில் இப்படி வைத்து, 'டி' கார்டின் வடிவத்தைக் கேப்போவுக்கு மேலே பிடித்து மீட்டிப் பாருங்கள். அடியில் அந்தத் தடித்த தந்தி ஒலிக்கும்போது அறை ஒரு சுற்றுப் பெரிதானதுபோல் இருக்கும். அது பிடித்திருந்தால் பிறகு கடைக்குப் போகலாம். அரைக் கேப்போவைத் தலைகீழாக மாட்டி நான்கு, மூன்று, இரண்டாவது தந்திகளைப் பிடித்தால் விரலே வைக்காமல் 'ஏ' மேஜர் கார்டு கிடைக்கும். ரொம்பச் சின்னப் பிள்ளைகளை இதில் தொடங்கலாம்.

மாட்டும்போது ஃப்ரெட்டின் மேலே வைக்காதீர்கள், அதற்குச் சற்றுப் பின்னால் ஒட்டினாற்போல் வையுங்கள். வெளியே விட்ட தந்திகளில் ரப்பர் லேசாக உரசினாலும் கரகரக்கும். கேப்போ அழுத்தத்தில் அந்த மூன்று தந்திகளும் கொஞ்சம் கூடுதலாக ஒலிக்கும், மாட்டிய பிறகு சுருதியை ஒரு முறை சரிபார்க்க வேண்டும். நைலான் தந்தி கிட்டார் வைத்திருப்பவர்கள் கவனமாக வாங்க வேண்டும். அதன் கழுத்து அகலமாகவும் தட்டையாகவும் இருக்கும், இரும்புத் தந்தி கிட்டாருக்குச் செய்த வளைந்த பட்டை சரியாக உட்காராது.

மாமா இப்போது வெள்ளிக்கிழமை பஜனையில் சுவரோரம் உட்கார்ந்து வாசிக்கிறார். முதல் வாரம் ஒரு சிக்கல் வந்தது. அவருடைய ச-ப-ச வின் சட்ஜம் 'இ', அதாவது மூன்று கட்டை. பாடுகிற பெண்களுக்கு ஐந்து கட்டை வேண்டும். மாமா வாசிக்க வாசிக்க அவர்கள் தொண்டைக்குள்ளேயே முனகினார்கள். அத்தை அங்கேயே எழுந்து, "இப்படிப் பாடுனா சாமிக்கே கேக்காது" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து யோசித்ததில் வழி கிடைத்தது. முழுக் கேப்போ ஒன்றை மூன்றாவது ஃப்ரெட்டில் மாட்டி, அதற்கு இரண்டு ஃப்ரெட் மேலே, ஐந்தாவதில் அரைக் கேப்போவை மாட்டினால் எல்லாமே மூன்று அரைச் சுரம் ஏறி, சட்ஜம் 'ஜி' ஆகிறது. ஐந்து கட்டை. விரல் வடிவங்கள் அப்படியே. மறுவாரம் அத்தை முதல் வரியை எடுத்ததும் மற்றவர்களும் வாய்விட்டுச் சேர்ந்துகொண்டார்கள்.

தாழ்ந்த சுருதிதான் இன்னும் தீரவில்லை. குருக்களின் தம்பி நன்றாகப் பாடுவார், அவருக்கு இரண்டு கட்டை. கேப்போ ஏற்றத்தான் செய்யும், இறக்காது. ஆறு தந்தியையும் ஒரு முழு சுரம் தளர்த்திக் கட்டினால் இரண்டு கட்டை வரும். அப்புறம் பெண்களுக்கு வாசிக்கக் கேப்போக்கள் இன்னும் இரண்டு ஃப்ரெட் மேலே ஏற வேண்டும், ஐந்திலும் ஏழிலும். அங்கே ஃப்ரெட்டுகள் நெருக்கம். மாமாவின் விரல் தடிமனுக்கு இடம் போதுமா என்று தெரியவில்லை. தளர்த்திக் கட்டினால் தொய்வடையாத, சற்றுத் தடித்த தந்தி ஒரு செட் ஈப்போவிலிருந்து வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். பஸ் ஏறிப் போகத் தானே தயார் என்றும் சொன்னார். இந்தச் சனிக்கிழமை நானே காரில் அழைத்துப் போகிறேன்.